சாண வண்டுகள் ஏராளமாக இருக்கும்போது இனங்களின் எண்ணிக்கையை ஏன் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாகவோ தோட்டமாகவோ மாற்றிய இடங்களிலும் சாண வண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சில இடங்களில் பக்கத்துக் காட்டைவிட அதிகமாகவே பொறியில் விழுகின்றன. குறைந்திருப்பது இனங்கள் மட்டும்தான். அப்படியிருக்க என்ன கெட்டுவிடும், சாணத்தை அப்புறப்படுத்த நாலைந்து இனங்கள் போதாதா என்பது உங்கள் கேள்வி. கூடவே, இனங்கள் குறைந்துபோன நிலத்தில் வேறு இடத்து வண்டுகளைக் கொண்டுவந்து விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இன்று இந்த நிலத்தில் சாணம் மண்ணுக்குள் போகிறதா என்பது ஒன்று. வறட்சி வந்தாலும், கால்நடை மருந்து கலந்தாலும், இன்னும் கொஞ்சம் மரம் போனாலும் அந்த வேலை நிற்காமல் நடக்குமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு "ஓரளவு நடக்கும்" என்று சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏற்கெனவே சீர்குலைந்த நிலத்தில் முக்கியமானது இரண்டாவது கேள்விதான், ஏனென்றால் அங்கே நிலைமை ஒருபோதும் அப்படியே நிற்பதில்லை. நான் பூச்சியியல் படித்து, பல ஆண்டுகளாக இந்த வண்டுகளைப் பிடித்து இனம் பிரித்து வருபவன். வண்டும் மண்ணும் எனக்குப் பழக்கம். கால்நடை மருத்துவம் என் துறை அல்ல. மருந்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாண வண்டு என்றதும் உருண்டை உருட்டும் வண்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். உண்மையில் இவற்றின் முதன்மைக் குடும்பப் பிரிவில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் உருட்டுபவை சிறுபான்மைதான். பெரும்பாலானவை தோண்டுபவை: சாணக் குவியலுக்கு நேர் அடியிலோ ஓரத்திலோ சுரங்கம் இறக்கி, சாணத்தைத் துண்டு துண்டாகக் கீழே இழுத்துச் செல்கின்றன. உருட்டுபவை ஒரு பங்கைப் பிய்த்து உருட்டிக்கொண்டு தூரமாகப் போய்ப் புதைக்கின்றன. மூன்றாவது வகை எங்கும் எடுத்துப்போவதில்லை. குவியலுக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே வளர்கின்றன. குளிர்ப் பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களில் இந்த வகைதான் மிகுதி. வளர்ந்த வண்டு சாணத்தின் ஈரச் சாற்றையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் உறிஞ்சி வாழ்கிறது. நார் நிறைந்த பகுதியைத் தின்பது புழுதான். அந்தப் புழுவுக்காகத்தான் தாய் வண்டு சாணத்தை உருட்டித் திரட்டி, ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு முட்டை வைத்து மண்ணில் புதைக்கிறது. நமக்குக் கிடைக்கும் பயன்கள் எல்லாம் இந்தப் பிள்ளைவளர்ப்பின் பக்கவிளைவுகள். சாணத்திலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாகக் காற்றில் போவதற்குமுன் வேர்களுக்கு அருகே சேர்கிறது, இறுகிய மண் இளகி நீர் உள்ளே இறங்குகிறது, ஈக்கள் முட்டையிட இடமில்லாமல் போகிறது, சாணத்திலிருந்த விதைகள் மண்ணுக்குள் போகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, இவை ஒரே வேலை அல்ல. ஒவ்வொன்றையும் செய்பவரும் வேறு, நேரமும் வேறு. பகலில் பறக்கும் இனங்கள் உண்டு, இரவில் மட்டும் வெளியே வருபவை உண்டு, அந்தி நேரத்தில் மட்டும் தலைகாட்டுபவையும் உண்டு. மழை தொடங்கிய சில வாரங்களில் மட்டும் தென்படும் இனங்களை மற்ற மாதங்களில் தேடினாலும் பிடிக்க முடியாது. மணற்பாங்கான மண்ணில் எளிதாக இறங்கும் இனம் களிமண்ணில் திணறும். நார் மிகுந்த யானைச் சாணத்தை நாடும் இனமும் குரங்கின் எச்சத்தை நாடும் இனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உடலளவில் சில மில்லிமீட்டரிலிருந்து, யானைச் சாணத்தைப் புதைக்கும் ஹீலியோகாப்ரிஸ் போன்ற ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும் வண்டுகள் வரை வேறுபாடு இருக்கிறது. சிறியவை மேல்மண்ணில் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பெரியவற்றில் சில ஒரு மீட்டருக்கும் கீழே போகும். மேல்மண்ணைக் கிளறுவதும் ஆழ்மண்ணைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

இனி நிலத்தைச் சீர்குலைத்தால் யார் போகிறார்கள் என்று பார்ப்போம். என் பதிலின் மையம் இதுதான்: இனங்கள் குருட்டாம்போக்கில் மறைவதில்லை. பெரியவை முதலில் போகின்றன. உலகின் வெப்பமண்டலக் காடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளிவந்த ஓர் அலசல் இதைத் தெளிவாகக் காட்டியது. மரமே இல்லாத, கடுமையாக மாற்றப்பட்ட நிலங்களில் இனங்கள் குறைகின்றன. எஞ்சும் கூட்டத்தின் உடலளவு சிறுத்துப்போகிறது. ஒருசில சிறிய இனங்கள் மட்டும் பெருந்தொகையாகப் பெருகிவிடுகின்றன. உங்கள் பொறியில் ஏராளமாக விழுந்தவை பெரும்பாலும் இந்தச் சிறியவையாகத்தான் இருக்கும்.

பெரியவை ஏன் முதலில் போகின்றன என்பதற்குக் காரணங்கள் பல, அவை ஒன்றாகச் சேர்ந்தே தாக்குகின்றன. பெரிய இனங்கள் ஒரு பருவத்தில் இடும் முட்டைகள் மிகக் குறைவு. சிலவற்றில் தாய் வண்டு புழு வளர்ந்து முடியும்வரை நிலத்தடியிலேயே உருண்டைகளைக் காத்துக்கொண்டு கிடக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரினம் ஒரு கெட்ட ஆண்டிலிருந்து மீள நீண்ட காலம் ஆகும். அவற்றுக்குப் பெரிய சாணக் குவியல் வேண்டும். வேட்டையில் பெரிய பாலூட்டிகள் குறைந்தால், மரம் அப்படியே நின்றாலும் வண்டுக்கு உணவு குறைந்துவிடுகிறது. நிழல் போன மண் சூடேறிக் காய்கிறது. உருண்டை காய்ந்தால் உள்ளே இருக்கும் புழு சாகும். காட்டுக்குப் பழகிய பல இனங்கள் அந்த வெட்டவெளியைக் கடக்கக்கூட முற்படுவதில்லை. கால்நடைகள் மிதித்து இறுகிய மண் இவற்றுக்கெல்லாம் மேல் ஒரு சுமை.

இதற்கு மிக நல்ல சான்று வெனிசுவேலாவின் குரி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. 1986-ல் அணை நிரம்பியபோது அங்கிருந்த காட்டின் மேடான பகுதிகள் தீவுகளாகத் துண்டுபட்டன. அந்தத் தீவுகளில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், மறைந்துபோகும் வாய்ப்பு மிகுந்த இனங்கள் பெரிய உடல் கொண்டவை என்று தெரிந்தது. சாணத்தை மிக அதிகமாகப் புதைப்பவையும் அவையே. பெரியவை இல்லாத தீவுகளில் சிறியவை பெருகி அந்த இடத்தை நிரப்பவும் இல்லை. முதலில் வெளியேறுபவர் கூட்டத்திலேயே அதிக வேலை செய்பவராக இருந்தால், வேலை குறைவது இனங்கள் குறைவதைவிட வேகமாக நடக்கும். சராசரிக் கணக்கு எதிர்பார்க்கவைப்பதைவிட இழப்பு பெரிதாக இருப்பது இதனால்தான்.

ஆகவே, பொறியில் விழுந்த வண்டுகளை எண்ணி முடிவுக்கு வராதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். எண்ணிக்கையைவிட மொத்த எடை நம்பகமானது; எடையைவிட, எந்த வகை எவ்வளவு என்ற பிரிவு இன்னும் நம்பகமானது. பிரேசிலில் மனாஸ் நகருக்கு அருகே துண்டாடப்பட்ட அமேசான் காட்டில் நடந்து 1989-ல் வெளியான ஆய்வு இந்தத் துறையின் தொடக்கப் பணிகளில் ஒன்று. ஒரு ஹெக்டேர் அளவே உள்ள காட்டுத் துண்டுகளில், தொடர்ச்சியான காட்டைவிட இனங்கள் குறைவு, வண்டுகளும் சிறியவை, சாணம் மக்கும் வேகமும் குறைவு. மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனாலும் காட்டின் அடியில் நடக்க வேண்டிய வேலை தளர்ந்துபோயிருந்தது.

பெரியவை மட்டும் இருந்தால் போதுமா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கும் பரிசோதனை நடந்திருக்கிறது. போர்னியோவின் மழைக்காட்டில் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. பகல் வண்டுகள், இரவு வண்டுகள், உருட்டுபவை, தோண்டுபவை, பெரியவை, சிறியவை எனக் கூட்டத்தைப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் எந்தெந்தக் குழு வரலாம் என்பதை ஆய்வாளர்கள் கட்டுப்படுத்தினார்கள். எல்லாரையும்விட அதிக வேலை செய்தவை இரவில் வரும் பெரிய தோண்டும் வண்டுகள். ஆனால் அவை தனியாகச் செய்தது முழுக் கூட்டமும் சேர்ந்து செய்ததற்கு ஈடாகவில்லை. எல்லாக் குழுக்களும் இருந்தபோதுதான் சாணமும் விதைகளும் முழு அளவில் அகன்றன. ஒரு குவியலுக்குள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. பகல் வண்டுகள் தொட்டுக் கிளறிய குவியலுக்கே இரவில் மற்றவை வருகின்றன. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார்.

மனிதர் கைபட்ட நிலத்துக்கு மிக நெருக்கமான காரணத்தை இனிச் சொல்கிறேன். ஒரே வேலையைச் செய்யும் பத்து இனங்கள் இருந்தால், சாதாரண நாளில் ஏழு மிகையாகத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தும் ஒரே இடையூறுக்கு ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஒன்று வெப்பத்தைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. ஒன்று இறுகிய மண்ணிலும் இறங்கும், இன்னொன்று முடங்கும். தாக்கம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, பதில்வினை வேறுபட்ட பல இனங்கள் இருப்பதுதான் ஒரே காப்பு.

இதை நேரடியாகச் சோதித்த இடம் மேய்ச்சல் நிலம். கால்நடைகளின் குடற்புழுவுக்குத் தரப்படும் ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனித நோய்களுக்கும் அது பயன்பட்டதால் அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மருந்தின் பெரும்பகுதி மாற்றமில்லாமல் சாணத்தோடு வெளியேறுகிறது. அந்தச் சாணத்தில் வளரும் வண்டுப் புழுக்கள் சாகின்றன அல்லது குன்றிப்போகின்றன. வளர்ந்த வண்டுகளின் மோப்பத் திறனும் தசைவலிமையும் குறைவதும் பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வு, இந்த மருந்தையே இடையூறாக வைத்து இனம் குறைந்த வண்டுக் கூட்டங்களையும் இனம் மிகுந்த கூட்டங்களையும் ஒப்பிட்டது. மருந்து கலந்த நிலையில், இனம் மிகுந்த கூட்டங்கள் அடியைத் தாங்கி வேலையைத் தொடர்ந்தன. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதிலாக எந்தப் பரிசோதனையையும் என்னால் காட்ட முடியவில்லை. மருந்து இல்லாத நாளில் மிகையாகத் தெரிந்த இனங்கள்தான் மருந்து வந்த நாளில் நிலத்தைக் காப்பாற்றின.

விதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழிந்த காடு மீள்வதற்கும் வண்டுகளுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் பேசப்படாமல் போகிறது. பழம் தின்னும் குரங்கு விதைகளோடு எச்சமிடுகிறது. அப்படியே கிடந்தால் எலிகள் ஒரே இரவில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வண்டு அதைச் சாணத்தோடு புதைத்தால், எலியின் மூக்குக்குத் தப்புகிறது; ஒரே இடத்தில் குவிந்துகிடந்த விதைகள் பிரிந்துபோவதால் நாற்றுகளுக்குள் நெருக்கடியும் குறைகிறது. ஆனால் சிறிய வண்டுகளால் பெரிய விதையை நகர்த்த முடிவதில்லை. ஆக, பெரிய வண்டுகள் போன காட்டில் பெரிய விதை கொண்ட மரங்களுக்கு உதவி குறைகிறது. பழம் தின்னும் பெரிய விலங்குகளையும் அதே காடு பெரும்பாலும் இழந்திருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: மிக ஆழத்தில் புதைந்த விதை முளைத்து மேலே வருவதில்லை. எந்த விதைக்கு எந்த ஆழம் என்பது மரத்துக்கு மரம் மாறும். அதனால்தான் வெவ்வேறு ஆழத்தில் புதைக்கும் பலவகை வண்டுகள் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை உறுதியாகச் சொல்லலாம். இனிச் சந்தேகத்துக்கு இடமானவை. சாண வண்டுகள் புவி வெப்பமடைவதைக் குறைக்கும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. சாணத்தைக் கிளறிக் காற்றுப் புகவிடுவதால் அதிலிருந்து வரும் மீத்தேன் குறைவது பின்லாந்தில் அளவிடப்பட்டிருக்கிறது, உண்மைதான். அதே ஆய்வில், புவியை வெப்பமாக்கும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடியதும் காணப்பட்டது. மேலும், கால்நடையின் மீத்தேனில் பெரும்பங்கு சாணத்திலிருந்து வருவதல்ல, விலங்கின் வயிற்றிலிருந்து வருவது. எனவே மொத்த உற்பத்தியையும் கணக்கில் எடுத்தால் வண்டின் பங்கு மிகச் சிறியதாகிவிடுகிறது. இந்தக் காரணத்தைக் காட்டி வண்டுகளைக் காக்கச் சொல்வதை நான் விரும்புவதில்லை. வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

குடற்புழுக்கள் விஷயமும் அப்படித்தான். சாணம் சீக்கிரம் சிதறிக் காய்ந்தால் கால்நடைகளின் புழு முட்டைகளும் இளம்புழுக்களும் குறைவதைப் பல பரிசோதனைகள் காட்டுகின்றன. ஆனால் வறண்ட பருவத்தில் ஈர மண்ணுக்குள் போன இளம்புழுக்கள் சில வேளை பிழைத்துக்கொள்வதும் உண்டு. நாய்களின் உணவுக்குழாயைத் தாக்கும் ஒரு புழுவுக்குச் சாண வண்டே இடைநிலை விருந்தோம்பியாக, அதாவது அது தன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தைக் கழிக்கும் உயிராக, இருக்கிறது. பொதுவில் நன்மை அதிகம் என்பது என் கருத்து. எல்லா இடத்திலும் நன்மையே என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வரம்பு எங்கள் துறையினுடையது. பெரும்பாலான பரிசோதனைகள் ஒரு குவியலில், ஓரிரு நாள்களில் அகன்ற சாணத்தின் எடையைத்தான் அளக்கின்றன. அந்த வேறுபாடு பல ஆண்டுகளில் புல்லின் விளைச்சலாகவோ காட்டின் மறுவளர்ச்சியாகவோ எந்த அளவுக்கு மாறுகிறது என்பதைக் காட்டும் நீண்டகால ஆய்வுகள் குறைவு. வண்டு விட்ட சாணத்தை மண்புழு, கறையான், பூஞ்சை, மழை ஆகியவை மெதுவாகவேனும் முடிக்கின்றன. ஈரமான குளிர்நிலத்தில் மண்புழுவின் பங்கு பெரியது. ஆகவே, வண்டு இனங்கள் பாதியானால் நிலத்தின் வளமும் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: வெளியிலிருந்து கொண்டுவந்து விடலாமா? இதைப் பெரிய அளவில் செய்த நாடு ஆஸ்திரேலியா. 1788-ல்தான் அங்கே மாடுகள் போய் இறங்கின. கங்காரு போன்ற விலங்குகளின் காய்ந்த சிறு எச்சத்துக்குப் பழகிய உள்ளூர் வண்டுகளால் ஈரமான மாட்டுச் சாணத்தைப் போதிய அளவு கையாள முடியவில்லை. சாணம் மாதக்கணக்கில் புல்லை மூடிக் கிடந்தது, ஈக்கள் பெருகின. ஹங்கேரியிலிருந்து குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னெமிஸ்ஸா முன்னின்று தூண்ட, 1960-களின் நடுவில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுவரத் தொடங்கியது. நோய்க்கிருமிகள் கூடவே வந்துவிடாதபடி முட்டைகளின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து, கையால் செய்த சாண உருண்டைகளில் வைத்து வளர்த்தார்கள். இருபது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வெளியே விட்டார்கள். நிலைத்தவை ஏறக்குறைய பாதி.

அந்தத் திட்டம் உங்கள் முதல் கேள்விக்கும் விடை சொல்கிறது. ஒரு நல்ல இனத்தைக் கண்டுபிடித்து நாடு முழுவதும் பரப்பினால் போதும் என்ற நிலை அங்கே வரவே இல்லை. கோடையில் உழைக்கும் இனங்கள் குளிர்காலத்தில் ஓய்ந்தன, குளிர்காலத்தவை கோடையில் ஓய்ந்தன. தென்பகுதியில் வசந்தத்தின் தொடக்கத்தில் மட்டும் யாரும் இல்லாத ஓர் இடைவெளி விழுந்தது. அதை நிரப்பவே, பல பத்தாண்டுகள் கழித்து, ஐரோப்பாவிலிருந்து மேலும் இரண்டு இனங்களை வரவழைத்தார்கள்.

ஆனால் அதை உங்கள் நிலத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம். அங்கே மாட்டுச் சாணத்துக்குப் பழகிய வண்டே இல்லாததால்தான் அந்த முயற்சிக்குப் பொருள் இருந்தது. அதுவும் கடுமையான சோதனைகளுக்குப் பிறகு அரசு செய்தது. பழகிய வண்டுகள் இருந்து குறைந்துபோன நிலத்தில், குறைத்த காரணம் அப்படியே இருக்கும்போது புதிதாக விட்டவையும் அதே காரணத்தால் சாகும். அயல் இனம் நிலைத்துவிட்டாலோ, எஞ்சியிருக்கும் உள்ளூர் இனங்களோடு ஒரே குவியலுக்குப் போட்டியிடும்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. 2007-ன் அலசலில் நம்பிக்கை தந்த செய்தி, மரங்களைத் தேர்ந்து வெட்டிய காடு, வெட்டிய பின் மீண்டும் வளர்ந்து முதிர்ந்த இரண்டாம்நிலைக் காடு, மரநிழலோடு கூடிய தோட்டம் ஆகியவற்றில் வண்டுக் கூட்டம் முழுக் காட்டை ஏறக்குறைய ஒத்திருந்தது என்பதுதான். ஆக, நிலத்தில் நிழல் தரும் மரங்களை, முடிந்தால் அருகிலுள்ள காட்டோடு தொடும்படி, வரிசையாக விடுங்கள். பறக்கும் வண்டுகள் தாமாகவே வரும். குடற்புழு மருந்தை நாள்காட்டி பார்த்து மந்தை முழுவதற்கும் கொடுக்காமல், சாணத்தைப் பரிசோதித்துத் தேவைப்படும் விலங்குக்கு மட்டும் கொடுக்க முடியுமா, வண்டுகள் பெருகும் பருவத்தைத் தவிர்க்க முடியுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பென்சிமிடசோல் வகை மருந்துகள் ஐவர்மெக்டினைவிட வண்டுகளுக்குப் பாதிப்புக் குறைந்தவை. உங்கள் மந்தைக்கு அவை பொருந்துமா என்பதை அவர்தான் சொல்ல முடியும். இரவு விளக்குகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் இரவில் உருட்டும் ஒரு வண்டு பால்வீதியின் ஒளியைப் பார்த்துத் திசை பிடிக்கிறது என்பது 2013-ல் நிறுவப்பட்டது. செயற்கை விளக்குகள் அந்தத் திசையறிவைக் குழப்புவதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

அடுத்த முறை பொறி வைக்கும்போது, மழை தொடங்கிய பிறகு ஒரு பகலும் ஓர் இரவும் தனித்தனியாக வையுங்கள். வறண்ட மாதத்தில் மறுபடியும் அப்படியே செய்யுங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை, அதற்குக் குறைந்தவை என்று பிரியுங்கள். பின்னங்கால்கள் நீண்டு மெலிந்திருந்தால் பெரும்பாலும் உருட்டும் வகை, முன்னங்கால்கள் அகன்று பல்பல்லாக இருந்து பின்னங்கால்கள் குட்டையாக இருந்தால் தோண்டும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டிலும் அதே நாள்களில் அதே முறையில் வைத்து இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால், பெரிய இரவுத் தோண்டும் வண்டுகள் உங்கள் பக்கத்தில் இருக்கின்றனவா இல்லையா என்பது தெரிந்துவிடும். நான் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். பட்டியலை இங்கே பதிவிட்டால் படித்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.